மூடாத மூலை

காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு வண்டியான கேரவனைச் சோதிக்க மெரின் ட்ரெசீஸ் வருகிறாள் என்றால், முந்தின நாள் மாலையே கதவு ஜன்னல்களை அடைத்துப் பூட்டிவிட வேண்டும். அவள் போடும் முதல் நிபந்தனை அதுதான். காலையில் தானே வந்து கதவைத் திறந்து, தலையை உள்ளே நீட்டி, ஒரே ஒரு மூச்சு இழுப்பாள். பத்து நிமிடம் காற்றாட விட்டால் எந்தக் கிழட்டு வண்டியும் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும். அடைத்து வைத்த வண்டிக்குப் பொய் வராது. வனிலா மெழுகுவர்த்தி வாசனை வந்தால் மனதுக்குள் ஒரு கோடு கிழிப்பாள். புதுப் பெயின்ட் வாசனை வந்தால் இரண்டு கோடு.

கடலோரத் தீபகற்பம் ஒன்றில் இருக்கும் கடினா ஊரில் அப்பா விட்டுப்போன பட்டறையை அவள் நடத்தத் தொடங்கி இருபது வருடம் ஆகிறது. பழுது பார்ப்பதோடு, பழைய வண்டி வாங்க நினைக்கிறவர்களுக்காகப் போய்ப் பார்த்து எழுதியும் கொடுப்பாள். "மெரின் சரின்னு சொல்லிட்டாளா?" என்று கேட்ட பிறகுதான் அந்தத் தீபகற்பத்தில் யாரும் பையில் கை விடுவார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்ததை மறைத்துப் பணிவு காட்டுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கிளென் ஹாக்கிங் பட்டறைக்கு வந்து, மற்ற வாடிக்கையாளர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றான். ஒன்றரை வருடமாகப் பிரிந்திருக்கும் கணவன். தன் முறை வந்ததும் பதிவு நோட்டை இழுத்து, நிதானமாக எழுதினான். பதினாறு அடி, எழுபத்தாறாம் வருட வண்டி, மூண்டா பே கேரவன் பார்க், முப்பத்தொன்றாம் இடம். எதற்காகச் சோதனை என்ற கட்டத்தில் எல்லோரும் 'வாங்க' என்றோ 'விற்க' என்றோ எழுதுவார்கள். அவன் 'ஈஸ்டர்' என்று எழுதியிருந்தான்.

"என்ன கிளென் இது?"

"சனிக்கிழமை வந்து பாக்குறியா? எல்லாருக்கும் எழுதிக் குடுக்குற மாதிரியே எனக்கும் எழுதிக் குடு. புருஷன்னு ஒரு மார்க்கு கூடப் போட வேணாம்."

"கூடவா? புருஷன்னு குறைக்காம இருந்தா போதாதா உனக்கு?"

"அதுவும் சரிதான்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் திடீரென்று அலமாரியில் இருந்த திருகாணிப் பெட்டிகளைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

ஈஸ்டர் என்றால் என்ன என்பதை அவன் விளக்க வேண்டியதில்லை. மகள் டெகன் பிறந்த வருடம் வாங்கிய வண்டி அது. ஈஸ்டர்தோறும் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு ஃப்ளிண்டர்ஸ் மலைக்குப் போவார்கள். பிரிந்த அன்று மெரின்தான் கத்தினாள்: "மழை பெய்யும்போது இந்த வண்டியில ஒரு சொட்டு விழாம நான் தூங்க முடியும்னா, அன்னிக்கு வந்து பேசு!" கோபத்தில் வாய்க்கு வந்ததுதான். அவன் அதை ஒரு வேலை உத்தரவைப் போல எடுத்துக்கொண்டு போவான் என்று அவள் நினைக்கவில்லை.

அந்தச் சண்டைக்குக் காரணம் வண்டி மட்டும் அல்ல. வாலரூ தானியக் கிடங்கில் கிளெனுக்கு வேலை போய் நாலு மாதம் ஆகியும் அவன் சொல்லவில்லை. தினமும் காலை ஆறரைக்குச் சீருடை மாட்டிக்கொண்டு, அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போய், கடற்பாலத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவான். கடையில் யாரோ சொல்லி அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்தவள் நேராக முற்றத்தில் நின்ற கேரவனுக்குள் போனாள். கொஞ்ச நாளாகவே அதன் முன்பக்க இடது மூலை ஊறிப்போய்க் கிடந்தது. அதன் மேல் கிளென் புதிதாக ஒரு பிளைவுட் பலகையை ஒட்டி, பெயின்டும் அடித்திருந்தான். அந்தப் பலகையைச் சுத்தியலின் பின்புறத்தால் பிய்த்தபோது, உள்ளே சட்டம் ஈரக் கேக் மாதிரி உதிர்ந்தது. "எதையும் மூடிவெச்சா சரியாயிடும்னு உனக்கு நினைப்பு" என்றாள். அவன் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டான். இப்போது மூண்டா பே பார்க்கில் ஒரு சின்ன அறையில் குடியிருந்தான். பள்ளிப் பேருந்து ஓட்டினான், வாடகைக்குப் பதிலாகப் புல் வெட்டினான், மீதி நேரமெல்லாம் வண்டியோடுதான் கிடந்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெரின் போய் இறங்கியபோது முப்பதாம் இடத்துக்காரர் கெவ், மடக்கு நாற்காலியைச் சரியான கோணத்தில் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். இழுவைப் படகில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். மடியில் இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு பாஸ்டியும் சாஸ் புட்டியும் இருந்தன.

"வாம்மா மெரின். உன் புருஷன் ராத்திரி பூரா தூங்கல. ஜன்னல் மூடியிருக்கா, மூடியிருக்கான்னு நாலு தடவை வந்து பாத்தான்."

"நீங்க தூங்காம அதை எண்ணிக்கிட்டு இருந்தீங்களாக்கும்?"

"வேற என்ன வேலை எனக்கு? ஏம்மா, மறைக்காம சொல்லிடறேன். இவன் ஃபெயில் ஆவான்னு நாப்பதாம் நம்பர் கோரல்கிட்ட ஒரு டஜன் நீலக்கால் நண்டு பந்தயம் கட்டியிருக்கேன். தப்பா எடுத்துக்காதே."

"கெவ்!" என்றான் கிளென், வண்டிக்குப் பின்னாலிருந்து வந்தபடி. சவரம் செய்திருந்தான், தாடையில் ஒரு வெட்டு. "நீங்க என் பக்கம்னு நினைச்சேன்."

"உன் பக்கம்தான்டா. நண்டு விஷயம் வேற."

மெரின் இருவரையும் பொருட்படுத்தாமல் பையிலிருந்து டார்ச், மழுங்கிய ஸ்க்ரூட்ரைவர், ஈரமானி மூன்றையும் எடுத்துச் சட்டைப் பைகளில் செருகிக்கொண்டாள். சோதனைத் தாளை அட்டையில் மாட்டினாள். வெளியே, அடியில், உள்ளே, கடைசியில் தண்ணீர். யாருடைய வண்டியானாலும் இந்த வரிசை மாறாது. ஆனால் மூச்சுதான் முதலில். கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

மெழுகுவர்த்தி இல்லை. பெயின்ட் இல்லை. பூஞ்சையும் இல்லை. வந்தது அறுத்த மரத்தின் வாசனை. அவளுக்கு அது விளங்கவில்லை. வேலை முடிந்த வண்டியில் மரம் மணக்காது. மரம் தெரிகிற மாதிரி எங்கேயோ திறந்து கிடந்தால்தான் மணக்கும். கோடு ஏதும் கிழிக்காமல் கதவைச் சாத்தினாள். வரிசை என்றால் வரிசை.

வெளியே பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். அலுமினியத் தகட்டைக் கழற்றி மறுபடி மாட்டியிருக்கிறான் என்பது திருகாணித் தலைகளிலேயே தெரிந்தது. எல்லாம் துருப்பிடிக்காத எஃகு, எல்லாம் ஒரே அளவில் இறங்கியிருந்தன. மூலைகளை மூடும் ஓரப்பட்டைக்கு அடியிலிருந்து, தண்ணீர் புகாமல் வைக்கும் பிசின் கொஞ்சம் பிதுங்கி, அதைப் பிளாஸ்டிக் கத்தியால் சீவியிருந்தான். சீவிய கோடு அலை அலையாகத்தான் இருந்தது. பார்க்க அழகில்லை. ஆனால் பிசின் பிதுங்கியிருக்கிறது என்றால் உள்ளே முழுக்க நிரம்பியிருக்கிறது என்று பொருள். அழகாக இழுத்த கோடு எதையும் நிரூபிக்காது.

எட்டு வயதில் டெகன் சைக்கிளோடு வந்து மோதிய பள்ளம் கதவுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது.

"இதை ஏன் சரி பண்ணல?"

"பள்ளம் ஒழுகாதே" என்றான் கிளென்.

மெரின் குனிந்து கீழ் ஓரத்தைப் பார்த்தாள். அவள் மனதில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த தோல்வி அங்கேதான் இருக்க வேண்டும். கேரவனைத் தாமே பழுது பார்க்கிறவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் செய்கிற தவறு அது. இடுக்குகளை அடைக்கிற சிலிக்கோன் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் வேகம் வந்துவிடும். மேலோரம், பக்க ஓரம் என்று இழுத்துக்கொண்டே வந்து, கீழோரத்தையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். மேலே என்றைக்காவது ஒரு மயிரிழை விரிசல் விடும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழி இருக்காது. வருடக்கணக்கில் மரத்தோடு குடித்தனம் நடத்தும். மூன்று வருடத்தில் சட்டம் மண்ணாகிவிடும், வெளியே மட்டும் வண்டி பளபளவென்று நிற்கும்.

கீழோரம் திறந்திருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு விரல்கூடச் சிலிக்கோன் இல்லை.

"பாத்தியா, பாத்தியா!" கெவ் நாற்காலியிலிருந்து பாஸ்டியை நீட்டிக் காட்டினார். "கீழ அடைக்கவே மறந்துட்டான். நானும் பத்து தடவை சொல்லிட்டேன்மா. கேக்கவே மாட்டேங்கறான்."

"உங்க வண்டியில அடைச்சிருக்கீங்களா கெவ்?"

"பின்னே? சுத்தி கல்லு மாதிரி அடைச்சிருக்கேன்."

"அப்ப அடுத்த வாரம் உங்களுக்கும் ஒரு நாள் ஒதுக்கறேன்."

கெவ் வாய்க்குக் கொண்டுபோன பாஸ்டி பாதியில் நின்றது. கிளென் குனிந்து, தேவையே இல்லாமல் சக்கரத்தில் காற்றுப் பார்த்தான்.

அடியில் படுத்துப் பார்த்ததிலும் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. துருவின் மேல் தார்ப் பெயின்ட் பூசி மறைக்காமல், இரும்பு தெரியச் சுரண்டித்தான் பூச்சு அடித்திருந்தான். இரண்டு இடத்தில் பற்றவைப்பு இருந்தது. உரிமம் உள்ள ஆள் செய்து கையெழுத்திட்ட தாளையும் வைத்திருந்தான். பிரேக் புதிது. மெரின் எழுதிக்கொண்டே போனாள். எழுத எழுத அவளுக்கு எரிச்சல்தான் ஏறியது. தப்புக் கண்டுபிடிக்க வந்தவளுக்குத் தப்புக் கிடைக்காவிட்டால் கையோடு கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாது.

பிறகு உள்ளே போனாள். மரத்தின் வாசனை எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

முன்பக்க இடது மூலையில் பிளைவுட் இல்லை. இருக்கைக்கு மேலே தொடங்கி உட்கூரைவரைக்கும், அகலத்தில் ஒரு கதவளவு, சுவர் திறந்து கிடந்தது. புதுச் சட்டங்கள் எலும்புக்கூடு மாதிரி நின்றன. அவற்றுக்குப் பின்னால் வெளித் தகட்டின் உட்புறம். அளவாக வெட்டி மெருகேற்றிய பிளைவுட் பலகை எதிர்ச் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. திருகாணிகள் ஒரு கிண்ணத்தில் எண்ணி வைத்ததுபோல் இருந்தன.

"இதை ஏன் மூடல?" கேட்டபோது அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கிளென் வாசற்படியில் நின்றான். உள்ளே வரவில்லை. "மூடியிருந்தா நீ நம்பியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான். நீ பாத்த பிறகு மூடலாம்னு விட்டுட்டேன். மூணு மாசமா இப்படித்தான் இருக்கு."

மெரின் சட்டங்களில் ஸ்க்ரூட்ரைவரை ஊன்றி அழுத்தினாள். முனை இறங்கவில்லை. மூட்டுகளைப் பார்த்தாள். இரண்டு மரத்தையும் பாதிக்குப் பாதி வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று உட்காரவைத்து, பசையிட்டு முடுக்கியிருந்தான். ஒரு மூட்டில் வெட்டு தப்பிப்போய், ஒரு சீவல் மரம் சொருகியிருந்தான். அதையும் பென்சிலால் வட்டமிட்டு, 'இங்கே தப்பு பண்ணினேன், பலமாகத்தான் இருக்கிறது' என்று எழுதியிருந்தான். அந்த எழுத்தை அவள் இரண்டு தடவை படித்தாள். ஈரமானியை வைத்தாள். பதினொன்று. பதினைந்துக்குள் இருந்தால் காய்ந்த மரம்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அடிலெய்டில் படிக்கும் டெகன். 'அம்மா, பாஸா ஃபெயிலா? அப்பா எனக்கு மெசேஜுக்கு மேல மெசேஜ் போட்டுக் கொல்றார்.' மெரின் போனை மறுபடி பைக்குள் போட்டாள்.

"தண்ணி அடிக்கணும்" என்றாள்.

அவளுடைய தண்ணீர்ச் சோதனைக்கும் ஒரு முறை உண்டு. எல்லோரும் ஏணி போட்டு ஏறிக் கூரையிலிருந்து தொடங்குவார்கள். அப்படி அடித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனையும். ஒழுகினால் எங்கே ஒழுகியது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். மெரின் கீழேயிருந்து மேலே போவாள். முதலில் கீழ்ப் பாதி பத்து நிமிடம், பிறகு ஜன்னல் மட்டம் பத்து நிமிடம், பிறகு மூலைப் பட்டைகள், கடைசியில் கூரை. 'தண்ணி விழுற இடம் வேற, நுழையுற இடம் வேற' என்று தன்னிடம் வேலை கற்க வந்த ஒவ்வொருவர் காதிலும் அவள் ஓதியிருக்கிறாள்.

கிளென் வெளியே குழாயைப் பிடித்தான். கெவ் கடிகாரத்தைப் பிடித்தார். அது தனக்குத்தான் கொடுக்கப்பட வேண்டிய பொறுப்பு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மெரின் உள்ளே, மெத்தை எடுத்த வெறும் பலகையில், திறந்த மூலைக்கு எதிரே டார்ச்சோடு உட்கார்ந்தாள். தகட்டில் தண்ணீர் மோதும் சத்தம் வண்டியை நிரப்பியது.

முதல் பத்து நிமிடம். ஒன்றும் இல்லை.

"அடுத்தது!" என்று கெவ் படகில் கத்துகிற குரலில் கத்தினார்.

ஜன்னல் மட்டம். ஒன்றும் இல்லை. பிறகு கிளென் மூலைப் பக்கம் வந்து நின்றான். அங்கே பிளைவுட் இல்லாததால் நடுவே ஒரு மெல்லிய தகடுதான் இருந்தது. அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"மெரின்."

"பேசாம தண்ணி அடி."

"அடிச்சுக்கிட்டேதான் பேசறேன். அந்த நாலு மாசம் நீ குடுத்த டப்பாவை ஒரு நாள் கூட நான் கொட்டல. அதைச் சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்தது. முழுசா சாப்ட்டேன்."

மெரின் டார்ச் வெளிச்சத்தைச் சட்டத்திலிருந்து எடுக்கவில்லை. "பீட்ரூட் வெச்ச அன்னிக்கும்?"

தகட்டில் மோதிய தண்ணீர் ஒரு கணம் விலகிப் புல்லில் விழுந்தது. "பீட்ரூட் மட்டும் கடல் காக்காவுக்கு" என்றான் கடைசியில்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, நடுவில் ஒரு தகடு இருந்தது.

"நான் ஏன் உன்கிட்ட சொல்லலன்னா..." என்று அவன் தொடங்கினான்.

"ஏன்?"

"உனக்கு எல்லாம் சரியா வரும். எதைத் தொட்டாலும். நான் எப்படி வந்து, எனக்கு இந்த வேலை கூட நிக்கலன்னு சொல்றது?"

"அடுத்தது!" என்று கெவ் கத்தினார். "கூரை!"

ஏணி சாய்கிற சத்தம் கேட்டது. தலைக்கு மேலே தண்ணீர் மழைபோல இறங்கியது. மெரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூலையைப் பார்த்தாள். மூலை காய்ந்திருந்தது. நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். தாளில் 'நன்று' என்று எழுதப் பென்சிலை எடுத்தாள். ஏழாவது நிமிடத்தில், புதுச் சட்டத்தின் உச்சியிலிருந்து ஒரு துளி உருண்டு வந்தது. டார்ச் வெளிச்சத்தில் மின்னியது. மரத்தின்மேல் கறுப்பாக ஒரு கோடு வரைந்துகொண்டு கீழே இறங்கியது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

"நிறுத்து!" அவள் வாசலுக்கு வந்துவிட்டாள். "ஒழுகுது கிளென். உன் மூலைதான். அதே மூலை!"

ஏணியில் நின்ற கிளெனின் கையிலிருந்து குழாய் நழுவி, புல்லில் பாம்பு மாதிரி துள்ளி, கெவை முழங்கால்வரை நனைத்தது. கெவ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "நண்டு!" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார்.

கிளென் வாதாடவில்லை. ஏணியிலிருந்து இறங்கி, குழாயை மூடிவிட்டு, ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தான். முகம் அப்படியே மடிந்துபோயிருந்தது. "சரி" என்றான். "எழுதிக்கோ."

மெரின் உள்ளே திரும்பிப் போய் அட்டையை எடுத்தாள். 'முன்பக்க இடது மூலை' என்று எழுதி நிறுத்தினாள். பத்து நிமிடம் அதே மூலைப் பட்டைமேல் நேராகத் தண்ணீர் அடித்தோமே, அப்போது ஏன் ஒழுகவில்லை? தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற பாடத்தைத் தானே விட்டுவிட்டாள் என்று அவளுக்கு உறைத்தது. விழுந்த இடத்தைப் பார்த்தாள், நுழைந்த இடத்தைத் தேடவில்லை.

பலகைமேல் ஏறி, உட்கூரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் டார்ச்சைக் காட்டினாள். ஈரம் மூலையில் தொடங்கவில்லை. உட்கூரைக்கு மேலே ஓடும் குறுக்குக் கட்டை ஒன்றின் பக்கவாட்டில், வண்டியின் நடுவிலிருந்து ஊர்ந்து வந்திருந்தது. வண்டியின் மூக்கு கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். தண்ணீர் பள்ளம் பார்த்துத்தானே ஓடும்? சுவர் மூடியிருந்தால் இது எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

நடுவில், கூரையில் என்ன இருக்கிறது? காற்றுக்காகத் திறக்கும் கூரை ஜன்னல்.

அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து ஏணியில் ஏறினாள். கூரை ஜன்னலின் சட்டத்தைச் சுற்றி வெள்ளையாகச் சிலிக்கோன் பூசியிருந்தது. பழைய பிசினைச் சுரண்டாமல் அதன் மேலேயே, கட்டைவிரலால் அவசரமாக இழுத்த பூச்சு. ஒரு பக்கம் உரிந்து உதடு மாதிரி தூக்கிக்கொண்டிருந்தது. பூச்சு முழுக்க, விரல் இழுத்த தடத்தில், நடுவே ஒரு மெல்லிய கீறல் கூடவே ஓடியது.

மெரின் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தாள். பதினாறு வயதில் அப்பாவின் பட்டறையில் தகடு வெட்டிய தழும்பு, குறுக்கே, அதே இடத்தில்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு ஈஸ்டர். வண்டி கட்டியாகிவிட்டது, டெகன் பின்சீட்டில் பெல்ட் போட்டாகிவிட்டது, மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கூரை ஜன்னல் கசிகிறது என்று தெரிந்து அவள்தான் ஏறினாள். 'இந்த ஒரு தடவைக்கு இது போதும், வந்ததும் கழட்டிச் சரியா பண்றேன்' என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். வந்ததும் கழற்றவில்லை. அந்த மூலை ஊறிப்போனது அதற்குப் பிறகுதான். அவன் அதைப் பலகை வைத்து மூடியது உண்மை. ஆனால் ஊறவைத்தது அவன் இல்லை.

கீழே அவன் தலை குனிந்து குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாது. பேசாமல் இறங்கிப்போய், 'கூரை ஜன்னலை மாற்றவும்' என்று ஒரு வரி எழுதினால் போதும். யார் செய்தது என்று கேட்க அந்தத் தாளில் கட்டமே கிடையாது. ஒரு நிமிடம், அந்த ஒரு நிமிடம் முழுக்க, அவளுக்கு அந்த யோசனை வசதியாகத்தான் இருந்தது. நாலு மாதம் டப்பாவோடு கடற்பாலத்துக்குப் போன மனுஷனின் முதல் நாள் காலை எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு அப்போது கொஞ்சம் புரிந்தது.

"கிளென், மேல வா."

"எதுக்கு?"

"வான்னா வா."

அவன் ஏணியில் இரண்டு படி கீழே வந்து நின்று எட்டிப் பார்த்தான். உரிந்து தூக்கிக்கொண்டிருந்த சிலிக்கோனை அவள் பிடித்து இழுத்தாள். நாடா மாதிரி முழுசாக உரிந்து வந்தது. அடியில் தண்ணீர் தேங்கி நின்றது.

"மூலை இல்ல. இங்கருந்துதான் ஓடி வந்திருக்கு. அன்னிக்கும் இங்கருந்துதான் வந்திருக்கு." உரிந்த நாடாவை அவன் பக்கம் நீட்டினாள். "இது நான் பண்ணினது. என் கட்டைவிரல், பாரு."

கிளென் விரலைப் பார்த்தான், நாடாவைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"எல்லாத்தையும் பிரிச்சியே, ஒன்றரை வருஷமா? இதை மட்டும் ஏன்டா தொடல?"

"நீ பண்ணினதாச்சே" என்றான் கிளென், அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. "அது சரியாத்தானே இருக்கும்னு விட்டுட்டேன்."

அவன் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். கூரையின்மேல் கையை ஊன்றி, கடல் பக்கம் பார்த்தாள். அலை இறங்கிக்கிடந்தது. யாரோ இரண்டு பேர் முழங்கால் தண்ணீரில் நண்டு வாரிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் எல்லாம் சரியா வராது கிளென்" என்றாள். "எழுதி வெச்சுக்கோ. ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்."

"பென்சில் உன்கிட்டதான் இருக்கு."

ஏணியிலேயே, அவன் தோளில் அட்டையை வைத்து அவள் எழுதினாள். முன்பக்க இடது மூலை: மிக நன்று. கூரை ஜன்னல்: மோசம். அதற்குப் பக்கத்தில், கட்டம் இல்லாத வெற்று ஓரத்தில், 'செய்தது: மெரின் ட்ரெசீஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"என்னதான்மா முடிவு?" கெவுக்குப் பொறுமை போய்விட்டது. "பாஸா, ஃபெயிலா? கோரல் ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டா."

"வண்டி ஃபெயில் கெவ்."

கெவ் ஈரக் காலைத் தட்டி எழுந்தார். "சொன்னேனா இல்லையா!"

"உங்க பந்தயம் வண்டி மேலயா, அவன் மேலயா?"

கெவ் யோசித்தார். நேர்மையான மனுஷன், யோசிக்கிறது முகத்தில் தெரிந்தது. "அவன் ஃபெயில் ஆவான்னுதான் கட்டினேன்" என்று முணுமுணுத்தார்.

"அவன் பாஸ். போய் நண்டு வாரிட்டு வாங்க."

பட்டறை வண்டியிலிருந்து பிசின் நாடாச் சுருளையும் சுரண்டியையும் அவளே எடுத்து வந்தாள். கூரை ஜன்னலை முழுதாகக் கழற்றி எடுத்தார்கள். அவள் மேலே உட்கார்ந்து பழைய பிசினை உலோகம் தெரியுமட்டும் சுரண்டினாள். அவன் உள்ளே நின்று, அந்தச் சதுர ஓட்டை வழியே கேட்டதையெல்லாம் எடுத்துக்கொடுத்தான். துணி என்றால் துணி, ஸ்பிரிட் என்றால் ஸ்பிரிட். ஒரு தடவை, கேட்காமலே, பாதி பாஸ்டியும் வந்தது. கடித்துப் பார்த்தாள்.

"பாஸ்டியில போய் யாராவது கேரட் போடுவாங்களா?" என்றாள் அருவருப்போடு. "யார் பண்ணினது?"

"கெவ்."

"சொல்லாதே, வருத்தப்படுவார்" என்று சொல்லிவிட்டு முழுக்கச் சாப்பிட்டாள்.

மதியத்துக்குள் ஜன்னல் அதன் இடத்தில் உட்கார்ந்தது. பிசின் நாலு பக்கமும் பிதுங்கியது. அவள் சீவிய கோடு நூல் பிடித்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்து கிளென் ஏதோ சொல்ல வாயெடுக்க, "தெரியும், அழகா இருந்தா போதாது" என்று முந்திக்கொண்டாள். மறுபடி தண்ணீர் அடித்தார்கள், இந்தத் தடவை கூரைமேல் அரை மணி நேரம். உள்ளே சட்டம் காய்ந்தே இருந்தது. கிளென் சுவரில் சாத்தியிருந்த பலகையை எடுத்து மூலையில் பொருத்திப் பிடித்தான். "மூடிடவா?"

"இப்ப வேணாம். நனைஞ்ச மரம் காயட்டும். நாலஞ்சு நாள் போகட்டும்."

அவன் பலகையை மறுபடி சாத்தி வைத்தான். திருகாணிக் கிண்ணத்தைக் கையில் எடுத்து, ஆட்டிப் பார்த்து, கீழே வைத்தான். "வியாழக்கிழமை மழை வரும்னு சொல்றாங்க" என்றான், கிண்ணத்தைப் பார்த்தபடி. "பலமா இருக்குமாம்."

மெரின் டார்ச்சையும் ஈரமானியையும் பைக்குள் வைத்தாள். ஸ்க்ரூட்ரைவரை மட்டும் மேசைமேலேயே விட்டுவிட்டு, பையின் வாயை இழுத்துக் கட்டினாள்.

"அன்னிக்கு என் தலையணையை எடுத்துட்டு வர்றேன்" என்றாள். "உன்னுது ரெண்டும் கல்லு மாதிரி இருக்கும்."